ஐந்து மங்கள வார்த்தை நேரம்

1976 ஏப்ரல் 5, திங்கள்

காலைக் கஞ்சிக்குப் பிறகு டாக்டர் கிருபாநிதி வந்தார். குடிக் கேஸ்களை மட்டும் தனியாக வைத்திருக்கும் இந்த ஜெயில் கொட்டடியில் நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கொரு எண்பது பக்க நோட்டும் பாதிப் பென்சிலும் கொடுத்தார். தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம்.

"என்னத்த எழுதச் சொல்லுதீய?" என்று மாசானம் கேட்டார்.

"நடந்ததை. நான் வாங்கிப் படிக்கமாட்டேன்."

"நீங்களே படிக்கமாட்டீயன்னா பெறகு எதுக்கு எழுதணும்?"

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பள்ளிக்கூட வழக்கப்படி முதல் பக்கத்தில் பெயர் எழுதினேன். ஹென்றி. வயது முப்பத்தாறு. ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். குற்றம்: குடித்துவிட்டுப் பொதுவழியில் கிடந்தது, இரண்டாம் முறை. தண்டனை ஒன்பது மாதம். தொழில் — இந்த இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 6

பிப்ரவரியில் இங்கே கொண்டுவந்த முதல் வாரம் எனக்கு நினைவில்லை. ஊசி மருந்தின் நாற்றம் மட்டும் மூக்கில் இருக்கிறது. மாசானத்திடம் கேட்டேன். தாமிரபரணிக் கரை வயல்காரர், ஐம்பது வயது இருக்கும், பக்கத்துப் பாய்.

"போர்வைய இழுத்துக்கிட்டே கெடந்தடே. கைமாத்திக் கைமாத்தி, கெணத்துல தண்ணி எறைக்க மாரி."

"எதாவது சொன்னனா?"

"எண்ணுன. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒங்க கோயில் ஜெபம் என்னமோ. பாதியில நிப்பாட்டுவ. மறுபடி மொதல்லேருந்து."

"இழுத்து… யாரும் வந்தாவளா?"

"யாரு வருவா? போர்வதான் வந்துச்சு."

ஏப்ரல் 12, திங்கள்

டாக்டர் நோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அதிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரும்படி ஒரே கோடாக வரையச் சொன்னார். வாராவாரம் வரைய வேண்டும். கை நடுக்கத்தை அளக்க அது ஒரு வழியாம்.

"சங்குச் சுழி மாதிரியா சார்?"

"உமக்கு எது தெரியுமோ அது" என்றார்.

வரைந்தேன். கோடு அரத்தைப் போலப் பல் பல்லாக வந்தது. கடைசிச் சுற்றில் மட்டும் முப்பத்தொரு பல்.

ஏப்ரல் 21, புதன்

புதன்கிழமைகளில் தறிக்கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். இன்று என் முறை. வள்ளத்தில் நடந்ததைச் சொன்னேன். நீரோட்டம் திடீரென்று திரும்பிவிட்டது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டர் மட்டும் தலையாட்டவில்லை.

ஏப்ரல் 22

நேற்றுச் சொன்னது பொய். நீரோட்டம் திரும்பவில்லை. அன்று கடல் கண்ணாடி.

எழுதிவிடுகிறேன். என் தொழில் கயிறு பிடிப்பது. அக்கா ஜெசிந்தாவின் புருஷன் கஸ்பார் மச்சான் சங்கு குளிப்பவர். இப்போது முக்கால்வாசிப் பேர் முகத்தில் கண்ணாடி மாட்டி, காலில் துடுப்புபோலத் தகடு கட்டி, கயிறில்லாமல் குதிக்கிறார்கள். மச்சான் முத்துக் குளித்த காலத்து முறைப்படி கல்லின் மேல் கால் வைத்து, இடுப்பில் கயிறோடுதான் இறங்குவார். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள். சொந்த அக்கா தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை. எங்கள் வீட்டில் பருவத்தின் முதல் நாள் அக்காவே கயிற்றை எடுத்து என் கையில் வைப்பாள்.

மனத்துக்குள், மாதாவை வேண்டும் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லித்தான் நேரம் எண்ணுவேன். ஐந்து முடிவதற்குள் மச்சான் கீழிருந்து கயிற்றை இரண்டு முறை சுண்டுவார். நான் ஒரு முறை சுண்டிப் பதில் சொல்லிவிட்டு இழுப்பேன். ஆறு ஆகிவிட்டால் அவர் சுண்டாவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். அவர் சுண்டி, மேலிருந்து பதில் வராவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. மேலே ஏதோ குறுக்கே நிற்கிறது, பொறு.

குடிக்காத காலையில் என் கை நடுங்கும். நடுங்குகிற கை கயிற்றில் பொய் பேசும். கீழே இருப்பவருக்கு அது சைகை போலத் தெரியும். அந்த நடுக்கத்தை நிறுத்தத்தான் காலையில் குடிக்க ஆரம்பித்தேன். கயிற்றை ஒழுங்காகப் பிடிப்பதற்காகக் குடித்தேன். கேட்டால் சிரிப்பார்கள். முதலில் அப்படித்தான்.

பிப்ரவரி பதினேழு. அன்று குடித்த பிறகும் நடுங்கியது. கயிற்றை வள்ளத்து விளிம்பில் நிற்கும் முளைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கைகளை மடியில் இடுக்கிக்கொண்டு எண்ணினேன். மூன்றாவதில் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. அறுந்த ஜெபத்தை நடுவில் தொடரக் கூடாது, முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி மூன்றாவதில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து.

அதற்குள் மச்சான் சுண்டியிருக்கிறார். அது முளைக்குத்தான் தெரிந்திருக்கும். பதில் வரவில்லை. பொறு என்கிறான் என்று நினைத்துப் பொறுத்திருக்கிறார்.

நான்தான் அவரைப் பொறுக்கச் சொன்னேன். வாயே திறக்காமல்.

கடைசியில் அவரே கயிற்றைக் கழற்றிவிட்டு, உதைத்து மேலே வந்தார். இரண்டு காதிலும் ரத்தம். வள்ளம் கரை தொட்டதும் நான் உப்பளத்துக்குப் பின்னால் சாராயம் காய்ச்சுகிற இடத்துக்கு ஓடினேன். போலீஸ் என்னை எடுத்தது அங்கிருந்து வரும் வழியில்.

யாரிடமும் முளையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லுவேனா?

மே 9

கனவு. கடலடியில் நடக்கிறேன். மணல் உப்பளப் பாத்திபோல வெள்ளையாக, வரிவரியாக. தண்ணீருக்குள் வெயில் விழுந்து ஆடுகிறது. என் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே, மேலே போகிறது. முனை தெரியவில்லை. சுண்டினேன். பயமே இல்லை. யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. விழித்தபோது கால் விரல்களுக்கிடையில் மணல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மே 10, திங்கள்

சுழியில் பல் இருபத்து நான்கு.

ஜூன் 14

அக்கா வந்தாள். நான்கு மாதத்தில் முதல் முறை. கம்பிக்கு அந்தப்புறம் நின்றாள். மெலிந்திருக்கிறாள்.

"மச்சான் எப்படி இருக்காவ?"

"எடது காது போச்சி. வலது கேக்கும், சத்தமாச் சொன்னா. உப்பளத்துக்குப் போறாவ, உப்பு செமக்க."

"கடலுக்கு?"

"வேற எவன் கையிலயும் கயித்தக் குடுக்க மாட்டேங்காவ. கண்ணாடி மாட்டி எறங்கவும் மாட்டேங்காவ. நான் என்ன செய்ய?"

பக்கத்துக் கம்பியில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏலே, நல்லபடியா வெளிய வா. வேண்டாங்கல. ஆனா எங்க வாசல்ல வந்து நின்னு கயிறு கேக்காத. என்னால குடுக்க முடியாது."

சரி என்றேன். போகும்போது திரும்பிப் பார்த்தாள். என் கைகளைத்தான் பார்த்தாள்.

ஜூலை 20

மாசானம் விடுதலை. நோட்டை என்னிடம் காட்டினார். எல்லாப் பக்கத்திலும் 'இன்று குடிக்கவில்லை' என்றே எழுதியிருந்தது. "ஜெயிலுக்குள்ள எங்கன குடிக்க?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஆகஸ்ட் 16, திங்கள்

மாசானம் திரும்பி வந்துவிட்டார். அதே பாய். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்று நாள் நடுக்கத்துக்குப் பிறகு இன்றுதான் பேசினார்.

"வெளிய எல்லாம் அப்படியே இருக்குடே. அதே பனை, அதே மடை, அதே பயலுவ. நான் மட்டுந்தான் மாறிப் போயிருந்தேன். ஒத்த ஆளு எம்புட்டு நேரம் மாறி நிக்க முடியும்?"

டாக்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது. மாலையில் வந்து எங்களிடம் சொன்னார்: இனி இந்தக் கொட்டடியிலிருந்து யாரும் தனியாக வெளியே போகக் கூடாது; வாசலில் ஓர் ஆள் வந்து நிற்பார்; அதற்கு அவர் ஏற்பாடு செய்வார்.

பல் ஒன்பது.

அக்டோபர் 25, திங்கள்

விடுதலை. நன்னடத்தைக்காக மூன்று வாரம் கழித்துக்கொண்டார்கள். வாசலில் குடையோடு ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயது, வழுக்கை. பெயர் சுந்தர்சிங். தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர், டாக்டருக்கு நாசரேத்துப் பள்ளித் தோழர். அவரே குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறதாம்.

"வே ஹென்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில ரெண்டு எடம் உண்டு. சுத்திப் போவமா?"

"எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல அண்ணாச்சி."

"உமக்கு இல்ல. எனக்கு இருக்கு. நடயும்."

சுற்றித்தான் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம். முதலில் உப்பின் வாசனை வந்தது. கடல் பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 3

சுந்தர்சிங் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கயிற்றுக் கடையில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் அவர் முன்னால் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு தாங்காது. திங்கட்கிழமை மாலை குடியை விட்ட நாங்கள் மூன்று பேர் அவர் வீட்டில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு பேசுவோம். பெரும்பாலும் கிரிக்கெட்.

நவம்பர் 22

சங்குப் பருவம் தொடங்கிவிட்டது. கரைக்குப் போனேன். நான் இருந்த வள்ளத்தை நடத்தும் தண்டல் மிக்கேல், பாய்மரத் துணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாலே? மூஞ்சி தெளிஞ்சிருக்கு. துடுப்புத் தண்டு வலிக்க வாரியா, வா. கயிறு மட்டும் கேக்காத. கஸ்பாரு எங்கூடப் பொறந்தவன் மாரி."

எல்லோரும் அதையே சொல்கிறார்கள். வள்ளங்கள் கிளம்பின. வெயிலில் கடல் எழும்பி, பாய்கள் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோலத் தெரிந்தது. கடைக்குத் திரும்ப மறந்து நின்றிருக்கிறேன்.

டிசம்பர் 26, ஞாயிறு

குடித்தேன்.

டிசம்பர் 28

நேற்று முழுவதும் எழுத முடியவில்லை. நான்கு நாளாக மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினேன். அப்படியும் பழைய மருந்து உடம்பில் இருந்திருக்கிறது. முகம் கொதித்தது, நெஞ்சு இடித்தது, வாந்தி. ஏன்? கிறிஸ்மஸ் பூசையில் அக்காவும் மச்சானும் எனக்கு மூன்று வரிசை முன்னால் நின்றார்கள். மச்சானுக்கு இடதுபுறம் நின்ற ஒருவர் ஏதோ சொன்னபோது மச்சான் திரும்பவில்லை. அக்கா தோளைத் தொட்டுத் திருப்பினாள். அதைப் பார்த்ததிலிருந்துதான். இல்லை, அதற்கு முன்னாலேயே மாத்திரையைத் துப்ப ஆரம்பித்துவிட்டேன். பொய் எழுதாதே.

அண்ணாச்சியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

"எங்கிட்ட சொல்லுறது லேசு வே. நான் குடிகாரப்பய. சொல்ல வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காரு, இல்லயா?"

டிசம்பர் 29

போனேன். வாசலில் கயிறு கேட்டு நிற்கக் கூடாது என்றாள் அக்கா. நான் கேட்கப் போகவில்லை. மச்சான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வலது பக்கம் போய் நின்று சத்தமாகச் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மச்சான், ஞாயித்துக்கெழம குடிச்சேன்."

நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொண்ணு. அன்னைக்குக் கயிறு என் கையில இல்ல. முளையில சுத்தியிருந்தேன். கை நடுங்குச்சி. எண்ணிக்கையும் அறுந்து போச்சி, மறுபடி மறுபடி மொதல்லேருந்து எண்ணுனேன்."

செம்பைக் கீழே வைத்தார். உள்ளே அக்காவின் அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் பாறையில கயிறு சிக்கிருச்சின்னுல்லா நெனச்சேன். இத்தன நாளா." பிறகு கேட்டார். "அன்னைக்குக் காலையிலயே சொன்னா என்னலே, கை சரியில்லன்னு?"

"சொன்னா கயித்த வாங்கிருவியளே."

"வாங்கிருப்பேன். ரெண்டு காதும் இருந்திருக்கும்."

செம்பை எடுத்து மறுபடி கால் கழுவ ஆரம்பித்தார். வந்துவிட்டேன். வழியில் எங்கும் நிற்கவில்லை.

1977 ஜனவரி 3

இன்றிலிருந்து மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன். என் யோசனைதான். அண்ணாச்சி, "திருடனே பூட்டு வாங்கிட்டு வாரான்" என்று சிரித்தார்.

ஜனவரி 19

கடை வாசலில் நிழல் விழுந்தது. கஸ்பார் மச்சான். ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறுமுனையோடு சந்து திரும்பிப் போய் மறைந்துவிட்டார்.

நின்றேன். மாட்டு வண்டி போயிற்று. கயிற்றைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டேன். கடற்காற்று கயிற்றில் மெல்ல ஏறி இறங்கியது. அது காற்று என்று விரல் சொன்னது. ஒரு காகம் வந்து நடுக்கயிற்றில் உட்கார்ந்தது, அது காகம். நண்பகல், தெரு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல வெளிச்சம். எவ்வளவு நேரம் நின்றேனோ. இரண்டு முறை சுண்டியது. நான் ஒரு முறை சுண்டினேன். இழுத்தேன்.

கயிற்றோடு மச்சான் நடந்து வந்தார். "ம்" என்றார். சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர், "ரெண்டு பேருக்கும் வெயில் ஏறிருச்சா?" என்றார்.

பிப்ரவரி 7

மாசானத்திடமிருந்து கார்டு. விடுதலை ஆனபோது வாசலில் ஆள் நின்றாராம். 'உயிரோடு இருக்கேன். நாப்பது நாள். இது வெளிய இருக்கிற நாப்பது.'

பிப்ரவரி 21, திங்கள்

விடியும் நேரம் கரைக்கு வா என்று மச்சான் சொல்லியனுப்பியிருந்தார். அக்காவும் வந்தாள். கையில் பழைய கயிறு. மச்சான் கல்லை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். தண்டல் மிக்கேல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கயிற்றை நீட்டினாள். நான் கை நீட்டியதும் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன். மனசுக்குள்ள எண்ணாத. வாய்விட்டுச் சொல்லு. வள்ளத்துல உள்ளவ்வொ எல்லாரும் பின்பாதி சொல்லட்டும், வீட்டுல செபமாலை சொல்லுத மாரி."

"ஏளா, தொழிலுக்குப் போறமா, சுத்துப்பிரகாரமா?" என்றார் மிக்கேல்.

"அண்ணாச்சி, நீரு வாயத் தொறந்து பின்பாதி சொல்லும். ஒம்ம தொண்ட ஒண்ணும் தேஞ்சிறாது."

கயிற்றை என் கையில் வைத்து, விரல்களை அவளே மூடினாள்.

பத்துப் பாகம், அறுபது அடித் தண்ணீர். மச்சான் மூச்சை இழுத்துக் கல்லோடு இறங்கினார். கயிறு விரலுக்குள் ஓடி நின்றது. முன்பாதியை நான் சொன்னேன். பின்பாதியை மிக்கேலும் தண்டு வலிப்பவர்களும் சொன்னார்கள், முதலில் கேலியாக, பிறகு கேலி இல்லாமல். இரண்டு. மூன்று. மூன்றாவதில் எனக்கு மறந்தால்கூட அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. நான்கு முடிந்து ஐந்தின் நடுவில் இரண்டு முறை சுண்டியது.

மச்சான் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. வலையில் மூன்று சங்கு. என் வாய் இன்னும் அசைந்துகொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். "என்னலே, செபமாலையில பத்து மணியும் முடிச்சிருவ போல."

மார்ச் 14

சுழி: பல் இல்லை. இரண்டு இடத்தில் கொஞ்சம் தடிப்பு.

ஏப்ரல் 18, திங்கள்

இப்போதெல்லாம் காலையில் கடல், மத்தியானத்துக்கு மேல் கடை. கடை விட்டு வரும்போது உப்பளப் பாதையில் திரும்பிவிட்டேன். கால் தானாகப் போயிற்று. சாராயம் காய்ச்சுகிற புகை தெரிகிற தூரம்வரை. அங்கேயே உட்கார்ந்தேன். பாத்திகளில் மாலை வெயில் இளஞ்சிவப்பாகக் கிடந்தது, நான் என்று எதுவும் இல்லாத ஓர் இடம் மாதிரி. எழுந்து திரும்பி வந்தேன். அண்ணாச்சியிடம் சொன்னேன். தூங்கவில்லை.

ஏப்ரல் 19, செவ்வாய்

கரைக்குப் போகும் முன் நோட்டில் சுழி வரைந்தேன். பல் ஏழு. குடிக்கவில்லை. ஆனாலும் ஏழு.

வள்ளத்தில் ஏறும்முன் மச்சானின் வலது பக்கம் போனேன்.

"மச்சான், இன்னைக்கு என் கை சரியில்ல. கயிறு வேண்டாம்."

மிக்கேல் திரும்பிப் பார்த்தார். மச்சான் என் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. குடித்தாயா என்றும் கேட்கவில்லை. கல்லை இறக்கி மணலில் வைத்தார்.

"சரி. வா, சும்மா போயிட்டு வருவம்."

போனோம். அவர் இறங்காததால், வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், நாங்கள் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். அவருடைய வலது காது என் பக்கம். வெயில் ஏறி, கரை தெரியவில்லை. கடலும் வானமும் ஒரே வெள்ளை. எங்கள் வள்ளத்துக்குப் புதிதாக வந்த புன்னைக்காயல்காரர் ஒருவர் தன் தம்பியைத் தகடு கட்டி இறக்கிவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கயிறு கிடையாது. வாய் மட்டும் முணுமுணுத்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் முன்பாதி முடிக்கும் இடம் பார்த்து, மச்சான் சத்தமாகப் பின்பாதி சொன்னார். நானும் சொன்னேன். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு அவரும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

நான்காவதில் பையன் மேலே வந்துவிட்டான்.